ஒப்பீட்டுத் திலகமும் அக்காவின் சலவைக் கடையும்

உங்கள் அலுவலகத்தில் இவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கணினிக்கு நிரல் எழுதிப் பிழைக்கிற நம் கூட்டத்தில் இவர் ஒரு தனி இனம்: பழைய மொழியை விட்டுப் புது மொழிக்கு மாறப்போகிறவர். மாறியவர் என்று அவசரப்பட்டுப் படித்துவிடாதீர்கள். மாறப்போகிறவர். பக்கத்து நாற்காலிக்காரன் என்ற உரிமையில் நான் இவருக்கு ஒப்பீட்டுத் திலகம் என்று பட்டம் கொடுத்திருக்கிறேன்.

திலகம் தன் இளமையை ஒரு மென்பொருள் தளத்துக்குக் கொடுத்தவர். அதைச் செய்த நிறுவனமே ஒருநாள் அதைக் கைகழுவிவிட்டது. புதுக் கணினிகளில் அது ஏறவே ஏறாது. இனி வேறு மொழிதான். எந்த மொழி? அந்தக் கேள்வியில் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பாம்பின் பெயர் வைத்த மொழிக்குப் புத்தகம் வாங்குவார், ரத்தினத்தின் பெயர் வைத்த மொழிக்கு வகுப்பில் சேருவார், துருவின் பெயர் வைத்த மொழிக்காகப் புதுக் கீபோர்டே வாங்குவார், ஒவ்வொன்றிலும் 'வணக்கம் உலகமே' என்று திரையில் ஒரே ஒரு வரி வரவைத்து, அதைத் தள்ளி நின்று ரசித்து, பிறகு உதட்டைப் பிதுக்குவார். உலகத்துக்கு இத்தனை வணக்கம் வைத்த மனிதரை நான் கண்டதில்லை. அடுத்த வரி? அது மொழி முடிவான பிறகு.

வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

"சார், எதையாவது ஒண்ணை எடுத்து ஆரம்பிச்சிடலாமே?"

"ஆரம்பிச்சிடலாம். பத்து வருஷம் கழிச்சு அந்த மொழி இருக்குமா? அதுக்கு நீங்க பொறுப்பா?"

நாம் எப்படிப் பொறுப்பேற்பது? நம் நாற்காலிக்கே திரும்பிவிடுவோம்.

இதெல்லாம் வெறும் வேடிக்கையாகவே போயிருக்கும், திலகத்துக்கு ஓர் அக்கா இல்லாதிருந்தால். அக்கா சலவைக் கடை நடத்துகிறார். துணிகளுக்கு அடையாளச் சீட்டு அச்சடிக்கும் நிரலை, நல்ல காலத்தில், தம்பிதான் அந்தப் பழைய தளத்தில் எழுதிக் கொடுத்தார். எந்தச் சட்டை யாருடையது என்பது அந்த நிரலுக்குத்தான் தெரியும். அது ஓடுவதோ விசிறி இரையும் ஒரு கிழட்டுக் கணினியில். பெரிய ஓட்டல் ஒன்றின் சீருடைகள்தாம் கடையின் பாதி வருமானம்.

"தம்பி, இந்தப் பெட்டி காலையில மறுபடி கண்ணை மூடிடுச்சுடா. தட்டித் தட்டி எழுப்பினேன். புதுசு எப்போ தருவே?"

"மொழி முடிவாகட்டும்க்கா. அவசரப்பட்டா அப்புறம் நீதான் கஷ்டப்படணும்."

"நான் இப்பவே கஷ்டப்படுறேன்டா!"

அக்கா போனை வைத்துவிட்டார். திலகத்துக்கும் மனசு கேட்கவில்லை; அதை நான் மறுக்க மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே கடைக்குப் போய் மும்முரமாக உட்கார்ந்துவிட்டார். சட்டை கொடுக்கப் போன நான் பார்க்கிறேன், திரையில் மொழிகளை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் ஒரு நிரல்! வேகத்துக்கு மதிப்பெண், ஆயுளுக்கு மதிப்பெண், அழகுக்கும் மதிப்பெண், வண்ண வண்ணப் பட்டைகள், முதலிடத்துக்கு ஒரு குட்டிக் கிரீடம். காலையில் தொடங்கியவர் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்திருந்தார். நான் வாயைப் பிளந்தேன்.

"சார், இதை எந்த மொழியில எழுதினீங்க?"

"பழசுலதான். சீக்கிரம் முடிக்கணும்ல?"

பழைய தளம் உயிரோடு இருந்தது அந்தக் கிழட்டுக் கணினியில் மட்டும்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மனிதர் கடைக்கு வந்திருக்கிறார். பாம்பும் துருவும் முதலிடத்துக்கு முட்டிக்கொண்டு நின்றன. "இன்னும் ஒரே ஒரு தடவை, ஆழமா ஒப்பிட்டுப் பார்த்துடலாம்" என்று பொத்தானை அழுத்தினார். விசிறி ஒரு கூச்சல் போட்டது. கருகிய வாடை வந்தது. திரை இருண்டது.

அக்கா திரையைப் பார்த்தார். குவிந்து கிடந்த ஓட்டல் சீருடைகளைப் பார்த்தார். கடைசியில் தம்பியைப் பார்த்தார்.

"போச்சேக்கா!" என்று தலையில் கைவைத்தார் திலகம். "எது முதல்ல வந்துச்சுன்னு பார்க்கறதுக்குள்ள போச்சே!"

பருத்த சமையல்காரரின் கால்சட்டை ஒல்லியான வரவேற்பாளருக்குப் போனது. வரவேற்பாளருடையது சமையல்காரரின் முழங்காலோடு நின்றது. அந்த வாரமே ஓட்டல்காரர்கள் அடுத்த தெருக் கடைக்கு மாறிவிட்டார்கள். யாரையும் எதையும் ஒப்பிடாமல், ஒரே போனில். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. திலகம் மட்டும் நேற்று முகமலர்ச்சியோடு வந்தார்: "புதுசா இன்னொரு மொழி வந்திருக்கு சார், நம்ம கணக்குல அதையும் சேர்க்கணும்."

நீங்கள் அந்த இனமில்லை, சந்தோஷம். ஆனாலும் கடைசியில் பாம்பு ஜெயித்ததா, துரு ஜெயித்ததா என்று கேட்க உங்கள் நாக்கு துடிக்கிறதே, எனக்குத் தெரியாதா? அக்கா இப்போது எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்பீர்களாக்கும் என்று நினைத்தேன்.