ஒன்பதாம் நாள் கிரகம்

எதையும் தேதி போட்டு எழுதி வைப்பவன் ஏமாற மாட்டான் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், உடுமலைப்பேட்டையில், சொந்தக்காரர்கள் அறுபது பேர் முன்னிலையில் அந்த நம்பிக்கை போயிற்று. (பதினொன்று இருபத்தைந்துக்கு. குறித்து வைத்திருக்கிறேன்.)

கருமத்தம்பட்டியில் தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். முதல் மழை பெய்த நாள், பக்கத்து வீட்டு வேம்பு சாய்ந்த நாள், எல்லாம் என் நோட்டில் இருக்கும். என் மனைவி சுமதியின் தம்பி கார்த்தி, உடுமலையில் தேங்காய் மண்டி வைத்திருப்பவன், என்னை ஓர் இணைய விண்வெளி விளையாட்டில் இழுத்துவிட்டான். கப்பலை ஓட்டிக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாகப் போக வேண்டும். எந்தக் கிரகத்தில் யார் முதலில் இறங்குகிறாரோ அவர் அப்போதே அதற்குப் பெயர் வைத்துவிட வேண்டும். வைத்த பெயரை வைத்தவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. ஏற்கெனவே யாராவது இறங்கிய இடமா என்பது, நாம் இறங்கி அங்கே நிற்கும் பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். நாம் எங்கெல்லாம் போய்வந்தோம் என்ற பட்டியலையும் விளையாட்டு வைத்துக்கொள்வதில்லை.

அதை நான் வைத்துக்கொண்டேன். மூன்று நோட்டுகள், நானூற்றுப் பன்னிரண்டு கிரகங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, கிழமை, இறங்கிய நேரம், அன்று இங்கே வானிலை, காலைப் பலகாரம், கடைசியாக, விளையாட்டு அந்தக் கிரகத்துக்குக் கொடுத்திருக்கும் எண். பெயர் வைக்கக் கற்பனை போதாததால் அன்றைய வீட்டு நிலவரத்தையே வைத்துவிடுவேன். 'கேஸ் தீர்ந்த செவ்வாய்', 'சுமதிக்குப் பல்வலி' என்றெல்லாம் அண்டவெளியில் கிரகங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நான் சுற்றும் அந்த மூலையில் வேறு யாருடைய பலகையையும் பார்த்ததில்லை.

கார்த்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பு போன் செய்தான்.

"மச்சாங்க, பாப்பாவுக்கு இனியான்னு பேரு வெக்கறோம். அன்னைக்கே அந்தப் பேர்ல ஒரு கிரகமும் வேணுங்க. எல்லாரும் பாக்க டிவில போட்டுக் காட்டிப்போடலாம். யாரும் கால் வெக்காத எடம் உங்க நோட்டுலதானுங்க தெரியும்."

"கவலைய உடு. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

கப்பல் எட்டும் தூரத்தில் ஒரு நீலக் கிரகம் இருந்தது. அதன் எண்ணை வைத்துக்கொண்டு மூன்று நோட்டுகளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் அது இல்லை. "போன் பண்ணி அவனுக்கு உறுதி சொல்லிப்போடட்டுமா?" என்று சுமதியைக் கேட்டபோது, "ஏனுங்க, ஒருக்கா போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்" என்றாள். போய்ப் பார்த்தால் அப்போதே பெயர் வைத்தாக வேண்டும், விசேஷத்தன்று காட்ட ஒன்றும் இருக்காது என்று விளக்கினேன். மேலும், நோட்டில் இல்லாத இடத்துக்கு நான் போயிருக்கவே முடியாது.

குழந்தையின் காதில் பெயர் சொல்லி முடித்ததும் கூடத்து டிவிக்கு முன்னால் நாற்காலிகள் போட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் இறங்கிவிட வேண்டும். கையில் நோட்டுகளோடு நான் வழி சொல்ல, கார்த்தி ஓட்டினான். நீலக் கிரகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அன்னூரிலிருந்து வந்திருந்த சுமதியின் பெரியப்பா முன்வரிசையில் இருந்தார்.

"எத்தன ஏக்கருங்க மாப்ளே?"

"கிரகம் முழுசும் நம்முளுதுதானுங்க."

"தண்ணி வசதி?"

"நீலமாத் தெரியறது பூராத் தண்ணிதானுங்க."

"அப்பறமென்ன, தென்னையே வெக்கலாம்" என்றார் திருப்தியாக.

கார்த்தியின் மாமனார், "நெசமாலுமே ஆரும் போகாத எடமுங்களா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்று மூன்று நோட்டுகளையும் உயர்த்திக் காட்டினேன். (உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம்.)

கப்பல் இறங்கியது. புழுதி அடங்கியது. எதிரே ஒரு பலகை நின்றது. டிவியின் அகலம் முழுக்க, நல்ல கொட்டை எழுத்தில்:

'அத்தை வந்து ஒன்பதாம் நாள். கிளம்பும் அறிகுறி இல்லை.'

அதன் கீழே என் பெயரும் தேதியும்.

என் மாமியார், அதாவது கார்த்தியின் தாயார், மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். பிறகு மிக மரியாதையாகச் சொன்னார்:

"ஏனுங்க மாப்ளே, அன்னைக்கு ஒம்பதாம் நாளு இல்லீங்க. பத்தாம் நாளு. ஒரு நாளை உட்டுப்போட்டீங்க."

இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் காலில் விழுந்திருப்பான். நானோ இரண்டாவது நோட்டைப் பிரித்தேன்.

"இல்லீங்க அத்தை. நீங்க வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு இருவதுக்குங்க. மஞ்சப் பை ரெண்டு, பலாப்பழம் ஒண்ணு. இது அதுக்கடுத்த வாரத்துச் சனிக்கிழமை, ஒம்பதாம் நாளேதானுங்க. இதா, எழுதியிருக்குது பாருங்க."

சுமதி என்னைப் பார்த்த பார்வையை எந்த நோட்டிலும் எழுதவில்லை.

விரல் வைத்துக் காட்டிய அந்த வரியை அப்போதுதான் நானும் முழுசாகப் படித்தேன். சனிக்கிழமை. காலை ஏழு பத்து. லேசான மேகம். ராகிப் புட்டு. எண் என்ற இடத்தில் மட்டும், 'பிறகு எழுதவும்'. அன்று எண்ணை எழுதப் போகும்போது, "மாப்ளே, தொட்டி நெறஞ்சு ஊத்துதுங்க, மோட்டரை நிறுத்திப்போடுங்க" என்று அத்தை கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. மோட்டாரை நிறுத்தினேன். திரும்பி வந்து எழுதவில்லை. கிரகத்தைத் தவிர மற்ற எல்லாம் அந்த வரியில் இருந்தன.

கார்த்தி டிவியை அணைத்தான். "பரவால்லீங்க மச்சான். வாங்க, சாப்பிடலாம்" என்றான். அவன் திட்டியிருந்தால் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருப்பேன்.

மறுநாளே நான்காவது நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு கிரகத்துக்கும் மீண்டும் போய், பலகையைப் பார்த்து, எண் வரிசையில், இடவாரியாக எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு. எட்டு மாதம் ஆயிற்று. முன்பின் வரிகளை வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டிய, எண் இல்லாத வரிகள் இன்னும் ஆறு அகப்பட்டன. (ஆறிலும் மோட்டார்தான் காரணம் என்று சொல்ல முடியவில்லை.) குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு, கார்த்தி ஓட்ட, அந்த நீலக் கிரகத்துக்கு அடுத்தாற்போல் இருந்த சின்னப் பச்சைக் கிரகத்தில் இறங்கினோம். பலகை இல்லை. கார்த்தி எழுத்து எழுத்தாகத் தட்டினான்: இனியா. தலையை நிமிர்த்தாமலே என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான்.

இனியாவுக்கு இப்போது நான்கு வயது. தன் கிரகம் எங்கே இருக்கிறதென்று யார் கேட்டாலும், "அப்பத்தா ஊட்டுக்குப் பக்கத்து ஊடு" என்கிறாள்.

அத்தை இப்போதும் வருடத்துக்கு இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வருகிறார். எட்டு நாட்கள் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்பதாம் நாள் காலை காபித் தம்ளரை என் மேஜையில் வைத்துவிட்டு, "ஒம்பதாச்சுங்க மாப்ளே, எழுதிப்போட்டுக் குடிங்க" என்பார். அன்று கிளம்ப மாட்டார். பத்தாம் நாள் சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு, "பாருங்க, நாஞ் சொன்னனுங்களே, பத்துன்னு" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

கடந்த ஏழு முறையும் பத்து நாள்தான். நோட்டில் இருக்கிறது.