சிங்கம் உக்காந்த இடம்

அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான்: அக்கா பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் அக்கி எழுதிட்டு வரணும்.

பையனுக்கு ஆறு மாசம். பின்பக்கமும் தொடை இடுக்கும் தக்காளி மாதிரி செவந்து, மூத்திரம் பட்டாலே வீறிடறான். அம்மா எட்டிப் பாத்துட்டு, "அக்கிடி. மருந்துக்கெல்லாம் கேக்காது, எழுதினாத்தான் எறங்கும்"னுட்டாங்க.

அக்காவுக்கு வேற பயம். போளூர்லேர்ந்து மாமியார் வர்ற நாள். "இதைப் பாத்தா, பிள்ளை வளக்கத் தெரியலன்னு என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. சீக்கிரம் போடி!"

நான் சும்மா போவேனா? அந்த மாமியார் குரல்லயே, "இன்னாடி மருமவளே, என் பேரனை வறுத்து வெச்சிருக்கே?"ன்னேன். அக்கா கரண்டியைத் தூக்கினா. ஓடிட்டேன்.

கோயிலோட மேற்கு வாசல் பே கோபுரத்துக்குப் பின்னாடி பானை செய்யறவர் வீடு. செங்காவியைக் கரைச்சு, கோழி இறகால அக்கி மேல சிங்கம் எழுதுவாரு. அதான் வைத்தியம். பிள்ளையோட துணியை விலக்கினவரு யோசிச்சாரு.

"ஏம்மா, சிங்கத்த இங்கயா உக்கார வெக்கறது?"

"எங்கயாவது உக்காரட்டும், எழுதுங்க!"

எழுதினாரு. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். நடுவுல... வேணாம், விடுங்க. ஜில்லுன்னு பட்டதும் பையன் பீச்சிட்டான்! பாதி சிங்கம் அவர் வேட்டிக்குப் போயிடுச்சு. மறுபடி எழுதினாரு. இந்தத் தடவை பூனையாட்டம் வந்துச்சு.

வீட்டு வாசப்படி ஏறும்போதே மாமியார் குரல்ல கத்தினேன்: "இன்னாடி மருமவளே! என் பேரன் குண்டியில எவடி பூனை எழுதினது?"

உள்ள எட்டிப் பாத்தேன்.

மாமியார் காப்பி டம்ளரோட உக்காந்திருந்தாங்க. நிஜ மாமியார்! என்னை ஒரு பார்வை. பிள்ளையை வெடுக்குன்னு வாங்கித் துணியை விலக்கினாங்க. "ஐயோ, ரத்தம்!"

"காவிங்க அத்தை"ன்னேன், சொந்தக் குரல்ல. அது கீச்சுன்னு வந்துச்சு.

அவங்க அக்கா மேல பாஞ்சாங்க. "மெட்ராஸ்லேர்ந்து பிளாஸ்டிக் ஜட்டி வாங்கியாந்து குடுத்தேனே, அதைப் போட்டிருந்தா இந்தக் கதி வருமா?"

"ராவும் பகலும் அதான் அத்தை போட்டிருந்தேன். இன்னிக்குதான் கழட்டினேன்"னு அக்கா அழுதா.

மாமியார் பிள்ளையைத் தோள்ல போட்டுக்க, மூணு பேரும் நேரா லேடி டாக்டர்கிட்ட ஓடினோம். அவங்க வெதுவெதுன்னு தண்ணி விட்டு சிங்கத்தை அழிச்சாங்க. குனிஞ்சு பாத்தாங்க.

"இது அக்கியே இல்ல. ஜட்டி மூடின இடம் மட்டும் செவந்திருக்கு, பாருங்க. ஈரம் வெளிய போக வழியில்லாம தோல் வெந்துபோச்சு. துணி நனைஞ்சா உடனே மாத்துங்க. வெறுந்தண்ணியில கழுவி, தேய்க்காம ஒத்தி எடுங்க. கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க, அப்புறம் இந்த வெள்ளைக் களிம்பு. கொப்புளம், சீழ்னு ஜாஸ்தியாச்சுன்னா தூக்கிட்டு வாங்க."

அப்புறம் கண்ணாடியைக் கழட்டினாங்க. "சரி, இந்த ஊர் வெயில்ல பிளாஸ்டிக்கை வாங்கிக் குடுத்த புத்திசாலி யாரு?"

அக்கா தரையைப் பாத்தா. நான் ஃபேனைப் பாத்தேன்.

"நான்தாங்க..."ன்னாங்க மாமியார், காத்து எறங்கின குரல்ல.

அந்தக் குரலை மட்டும் தினம் பழகிப் பாக்கறேன், வரவே மாட்டேங்குது.