எட்டு கிராம் தாலி

ஜூலை ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு நாற்பது. விடிந்ததிலிருந்து விடாத மழை. செம்பூர் கல்யாண மண்டபத்தில் என் தம்பி மகன் ரவி மாப்பிள்ளைக் கோலத்தில் தயாராக இருந்தான். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. தாலி மட்டும் தாராவியில், முருகன் ஆசாரியின் பட்டறையில் இருந்தது. அதை வரவழைப்பது பெரியப்பாவாகிய என் பொறுப்பு.

நேரில் போய் வாங்கியிருக்கலாம். ஆனால் என் சட்டைப்பையில் இருபது நாள் வயதான ஸ்மார்ட்போன் இருந்தது.

பைக்குள் அடங்கும் ஒரு கம்ப்யூட்டரை, அதில் பேசவும் முடிகிறது என்பதற்காக, ஜனங்கள் ஏன் இப்படி விழுந்தடித்து வாங்குகிறார்கள் என்று பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். ரயில் நேரம் பார்க்க என்றான் ரவி. சீரியல் பார்க்க என்றாள் என் மனைவி. எதுவும் எனக்குக் காரணமாகப் படவில்லை. ஒருநாள் மாட்டுங்கா பூங்காவில் பக்கத்து வீட்டுக்காரர், நடக்கிற அடிகளை அது தானாகவே எண்ணும் என்றார். (இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?) அன்று சாயங்காலமே வாங்கிவிட்டேன். அதுவரை மனசுக்குள் எண்ணியபடி நடப்பேன். எவனாவது வணக்கம் வைத்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

போனில் ஆட்களையும் எண் போட்டுத்தான் ஏற்றியிருந்தேன். முருகன்-1, முருகன்-2. ஒருவர் ஆசாரி. மற்றவர் செம்பூரில் மெஸ் நடத்துகிறவர். யார் ஒன்று, யார் இரண்டு என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. (இருந்ததாக நினைத்தேன்.)

"நான் போயி வாங்கிட்டு வந்துரட்டாண்ணே?" என்றான் தம்பி.

"ரோடெல்லாம் தண்ணி. நீ பேசாம இருடே. இதுக்குத்தானல ஊரே இத வாங்குது?"

ஆசாரியின் போனைப் பார்ப்பது அவர் மகன், அவனுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் ஆங்கில எழுத்தில், எடையையும் சேர்த்து, முருகன்-1க்கு அனுப்பினேன்: 'Thali 8 g. Urgent.' மண்டபத்தின் முகவரியையும் போட்டேன். உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. அந்தக் கட்டைவிரலைச் சம்பந்தி வரைக்கும் காட்டினேன்.

பத்து ஐந்து. "தாலி வந்தாச்சா?" என்றார் ஐயர். தம்பி வாசலைப் பார்த்தான். பெண்ணின் அப்பா தம்பியைப் பார்த்தார். சரியாக அப்போது வாசலில், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட ஒருவர் நின்று, வந்துவிட்டதென்று இந்தியில் கூவினார்:

"தாலி ஆ கயா, அங்கிள்!"

ஐயர் நிம்மதியாகக் கையை உயர்த்தினார். கெட்டிமேளம் முழங்கியது. ஜனங்கள் எழுந்து அட்சதையை வீசினார்கள். அந்த மங்கல ஒலிக்கு நடுவே எட்டுப் பொட்டலங்கள் மேடையேறின. ஒவ்வொன்றிலும் பூரி, பருப்பு, இரண்டு காய், அப்பளம்.

பம்பாயில் தாலி என்றால் தட்டுச் சாப்பாடு. மெஸ்காரர் முருகன் பம்பாயிலேயே பிறந்தவர். '8 g' என்பதை 'எட்டு, ஜி' என்று மரியாதையாகப் படித்திருக்கிறார்.

"ஊர்ல உள்ளதெல்லாம் எண்ணுவிய," என்றாள் என் மனைவி. "இருக்கது ரெண்டே ரெண்டு முருகன். அதுல ஒருத்தர அடையாளம் தெரியல."

சொல்லிக்கொண்டே அவள் சமையற்கட்டுக்கு ஓடி ஒரு மஞ்சள் கிழங்கு கொண்டுவந்தாள். ஐயர் அதை மஞ்சள் கயிற்றில் முடிந்து கொடுத்தார். பத்து இருபத்தெட்டுக்கு ரவி கட்டினான். மணப்பெண் கவிதா குலுங்கிக் குலுங்கி அழுகிறாள் என்று எல்லோரும் பதறினார்கள். குனிந்து பார்த்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு முருகன்-2 கூப்பிட்டார். "என்ன அண்ணாச்சி, தாலிய வாங்க ஒரு ஆளயும் காணலயே! கல்யாணம் இன்னைக்குத்தான?"

ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் கவிதா போன் செய்கிறாள். "பெரிய மாமா, எட்டு கிராமா, எட்டு ஜியா?" மதியம் முருகன்-1இன் ஆள் அவர்கள் வீட்டுக்கு எட்டுத் தட்டுச் சாப்பாடு கொண்டுபோகிறார், பணம் நான் கட்ட வேண்டும் என்பது குடும்பச் சட்டம்.

முகூர்த்தத்தன்று, மழைக்கென்று வாங்கிய அறுபது உட்பட, ஆயிரத்து ஐந்நூறு. முதல் வருடம் ஆயிரத்து அறுநூறு. இரண்டாம் வருடம் விலை ஏறி ஆயிரத்து அறுநூற்று எண்பது. ஆக இதுவரை நாலாயிரத்து எழுநூற்று எண்பது ரூபாய். போன் விலை தனி.