சகலைக்குத் தெரியாமல் ஒரு நட்டு

நட்டு உருண்டு போய் வாசல் சாக்கடையின் கம்பிச் சந்தில் விழுந்தபோது, கண்ணாடிக்காரரின் கையில் ஸ்டியரிங் மட்டும் மிச்சமிருந்தது. காரிலிருந்து கழற்றிய ஸ்டியரிங். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கறுப்புத் தண்ணீர் ஒரு குமிழி விட்டுவிட்டுச் சும்மா இருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். எள்ளளவு திருகாணி தரையில் விழுந்தாலும் தேடி எடுத்து மாட்டிவிடும் ஆள். அப்படிப்பட்டவர் இவ்வளவு பெரிய நட்டைக் கோட்டைவிட்டதற்குக் காரணம் அவசரம். அவசரத்துக்குக் காரணம் வயிற்றெரிச்சல். வயிற்றெரிச்சலுக்குக் காரணம் சகலை.

சகலை பேக்கரி நடத்துகிறார். மனைவியின் அக்காவைக் கட்டியவர். அவரிடம் ஒரு பழங்காலத்துக் கார் இருந்தது, க்ரீம் கலர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமனார் அதில் ஏறி, பழைய அலுவலக நண்பர்களைப் பார்க்கப் போவார். போகும்போது சகலையிடம் ஓயாமல் பேசிக்கொண்டே போவார். கையை ஆட்டி, விரலை நீட்டி, அப்படி ஒரு பேச்சு. சகலை தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவார். இந்த மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தாலோ, "என்ன, சௌக்கியமா?" என்பதோடு சரி. பிறகு பேப்பருக்குள் முகம் போய்விடும்.

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் இப்படியா என்று கண்ணாடிக்காரர் உள்ளுக்குள் வெந்தார். வெந்து வெந்து, அதே கம்பெனியின் அதே மாடல் காரை நீலக் கலரில் தேடிப் பிடித்து வாங்கினார். மாமனாரைப் பார்க்கும்போதெல்லாம் வண்டிப் பேச்சை எடுத்தார். தொல்லை தாங்காமல் ஒருநாள் மாமனார் பேப்பரை இறக்கினார்.

"சரி மாப்ள. வர்ற ஞாயித்துக்கிழமை உங்க வண்டியிலயே போவோம்."

அந்தச் சந்தோஷத்தில்தான், சகலையின் மர ஸ்டியரிங்கைவிடத் தன்னுடையது பளபளக்க வேண்டும் என்று வார்னிஷ் அடிக்கக் கழற்றினார். ஸ்டியரிங்கை அதன் தண்டோடு இறுக்கிப் பிடிப்பது நடுவிலுள்ள அந்த ஒரே நட்டு. அது இல்லாவிட்டால் திருப்பும்போது ஸ்டியரிங் கையோடு வந்துவிடும்.

மனைவி வெளியே வந்து நிலைமையைப் பார்த்தார்.

"அக்கா வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன். அவர்கிட்டயும் இதே வண்டிதானே?"

"அவர்கிட்ட போய்க் கையேந்துறதுக்கு, உங்கப்பாவை நான் முதுகுல சுமந்துட்டுப் போவேன்."

மனைவி உள்ளே போய்விட்டார். போனவர் அக்காவுக்குப் போன் போட்டார் என்பது வேறு விஷயம்.

கண்ணாடிக்காரர் கடையிலிருந்து அளவுகோலை எடுத்து வந்து, தண்டின் குறுக்களவை மயிரிழை பிசகாமல் அளந்தார். முகத்தையும் மூக்கையும் அளந்தே பழகிய கை. குறுக்களவை எழுதிக்கொண்ட மனிதர், தண்டைச் சுற்றி ஓடும் திருகு மரை எத்தனை நெருக்கம் என்று பார்க்கவில்லை. மூக்குக்கு ஏது மரை?

ஹார்ட்வேர் கடையில் அதே அளவில் ஒரு நட்டு கிடைத்தது. இரண்டு சுற்று ஒழுங்காக ஏறியது. அப்புறம் முரண்டு பிடித்தது. பழைய வண்டியென்றால் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, சகலையின் முகத்தை மனதில் நினைத்துக்கொண்டு ஒரு திருகு திருகினார்.

நட்டு பாதியில் நின்றது. இனி மேலேயும் வராது, கீழேயும் போகாது.

தெருமுனை மெக்கானிக் வந்து அதை வெட்டி எடுத்தார். வெட்டிய வேகத்தில் தண்டின் மரையும் நசுங்கியது. இதற்கு லேத்துப் பட்டறைதான் சரி என்று கைகாட்டிவிட்டுப் போனார்.

லேத்துக்காரர் வீட்டுக்கே வந்து, நசுங்கிய மரையைப் பதமாகச் சீவி நேராக்கினார். புது நட்டு கடைந்து தருவதாகவும் சொன்னார். ஆனால் உயரம் தெரிய வேண்டும், அதனால் ஒரு மாதிரி வேண்டும் என்றார். இதே மாடல் கார் வைத்திருக்கிற யாரிடமாவது ஒரு நிமிஷம் கழற்றி வாங்கி வந்தால் போதும் என்றார்.

"இந்த ஊர்லயே இந்த வண்டி என்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

"பேக்கரிக்காரர்கிட்ட ஒண்ணு பாத்த ஞாபகம். க்ரீம் கலர்ல."

"அது வேற கம்பெனி."

பொய் சொன்ன வாய்க்கு உடனே பலன் கிடைத்தது. லேத்துக்காரர் குத்துமதிப்பாகக் கடைந்த நட்டு மரையில் வெண்ணெய் மாதிரி ஏறியது. ஆனால் உயரம் கொஞ்சம் அதிகம். அதன் தலை, மேலே மாட்டும் ஹாரன் மூடியின் தகட்டில் முட்டியது. மூடியை மாட்டியதும் ஹாரன் அலறத் தொடங்கி, நிற்கவே இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்கடுத்த வீட்டு ஜன்னலும் திறந்தது. கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கின் மேல் குப்புறப் படுத்து, அழுகிற குழந்தையைத் தட்டுவதுபோல் அதைத் தட்டினார். மனைவி வந்து பேட்டரி வயரைப் பிடுங்கிய பிறகுதான் தெரு மூச்சு விட்டது.

கண்ணாடிக்காரர் சளைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியில் மூக்கின்மேல் உட்காருமே, அந்த ரப்பர்த் துண்டுகளில் ஒரு கை அள்ளி வந்து, தகட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் வைத்து அடைத்தார். பேட்டரி வயரை மறுபடி மாட்டினார். ஹாரன் வாயைத் திறக்கவில்லை. வலப்பக்கம் திருப்பினார். அமைதி. இடப்பக்கம் திருப்பினார். ரப்பர் நழுவி, ஹாரன் வானத்தைப் பிளந்தது.

அன்று மாலை சோதனை ஓட்டத்துக்குப் போனவர் வலப்பக்கமாக மட்டுமே திரும்பித் திரும்பி, அடுத்த தெருவில் இருக்கும் தன் கடைக்கு ஊரைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தார். வழியில் தவிர்க்கவே முடியாத இடது திருப்பம் ஒன்று இருந்தது. அது பேக்கரியின் வாசலில் இருந்தது.

ராத்திரி சாப்பிட உட்காரும்போது சகலையின் போன் வந்தது.

"என்ன சகல, ஹாரன் பலமா இருக்கு?"

"புதுசா மாட்டியிருக்கேன். டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன்."

"நல்லது, நல்லது. ஞாயித்துக்கிழமை மாமாவைக் கூட்டிட்டுப் போயிடுவீங்கல்ல?"

"அதிலென்ன சந்தேகம்?"

"இல்ல, கண்டிப்பா போயிடுவீங்கல்ல?"

கண்ணாடிக்காரருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கேள்வியா அது? குத்தல். தன் இடம் பறிபோகிறதே என்ற பொறாமையில் மனுஷன் நக்கல் செய்கிறான் என்று மனைவியிடம் புலம்பினார். மனைவி குழம்பை ஊற்றிவிட்டு, பொறாமைப்படுகிற ஆளை நான் தினமும் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

தூக்கம் வரவில்லை. க்ரீம் கலர்க் காரின் முன்சீட்டில் மாமனார் ஏறிக் கதவைச் சாத்துகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த ஞாயிறு தவறினால் மாமனார் இன்னொரு முறை சம்மதிக்கமாட்டார் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். வாழ்நாள் பூராவும் பேப்பரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே மாமனார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மறுநாள் பழைய கார்களின் பாகங்கள் விற்கும் கடைக்குப் போய்க் கெஞ்சினார். கடைக்காரர் கையை விரித்தார். அந்த நட்டு இப்போது யாரும் செய்வதில்லையாம், கிடைத்தால் அதிர்ஷ்டமாம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் அதே கடைக்காரர் கூப்பிட்டார்.

"நட்டு வந்திருக்கு. வந்து வாங்கிக்குங்க."

ஓடினார். அசல் நட்டு. தொலைந்துபோனதன் உடன்பிறப்பு. எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, கிடைத்தது, மாட்டுங்கள் என்று மழுப்பினார் கடைக்காரர். காசு வாங்கவும் மறுத்துவிட்டார். கண்ணாடிக்காரர் அதைத் தனக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நட்டு சொன்னபடி கேட்டது. ஹாரன் மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. வலம், இடம், எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தமில்லை.

ஞாயிறு காலை இன்னொரு செய்தி தேனாக வந்து காதில் பாய்ந்தது. சகலையின் வண்டி ஏதோ கோளாறாகி வீட்டோடு நிற்கிறதாம். கண்ணாடிக்காரர் த்சொ, த்சொ என்று உச்சுக்கொட்டினார். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாய் வலிக்கச் சிரித்தார்.

மாமனார் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி தெருவைத் தாண்டும் முன்பே பேச ஆரம்பித்தார். கியரை ஏன் இப்போது மாற்றினீர்கள் என்றார். கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார். முன்னால் போகிற சைக்கிளுக்கு இத்தனை இடம் போதாது என்றார். மெதுவாக ஓட்டுங்கள், அவசரம் வேண்டாம் என்றார். ஏன் இப்படி ஊர்கிறீர்கள் என்றும் அவரே கேட்டார். கையை ஆட்டினார், விரலை நீட்டினார்.

கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தனையும் தனக்கு. தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார்.

வழியில் இல்லாத சகலை வீட்டு வழியாக வேண்டுமென்றே போனார். சகலை வாசலில் நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டி வழியனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே எரிந்தாலும் வெளியே எப்படிச் சிரிக்கிறான் பார் என்று கண்ணாடிக்காரர் மெச்சிக்கொண்டார்.

நண்பர் வீட்டு வாசலில் இறங்கும்போது மாமனார் தீர்ப்புச் சொன்னார்.

"மாப்ள, நீங்க சொன்னா கேட்டுக்கிறீங்க. இனிமே எங்க போறதுன்னாலும் உங்க வண்டிதான். நாளைக்குக் காலையில வந்துடுங்க, டாக்டரைப் பாக்கணும். சாயங்காலம் வாக்கிங் போற எடத்துல இறக்கி விட்டா போதும்."

திரும்பும் வழியில் கண்ணாடிக்காரருக்குக் கழுத்து கொஞ்சம் வலித்தது, காது கொஞ்சம் சூடாக இருந்தது. வெற்றி என்றால் அப்படித்தான் இருக்கும்போலும் என்று நினைத்துக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று பழைய பாகங்கள் விற்கும் கடையின் முன் வண்டியை நிறுத்தினார். நன்றியைச் சொல்லி முடித்துவிட்டு, குரலில் கவலையை வரவழைத்துக்கொண்டு, பாவம், எங்கள் சகலை வண்டிக்கு அப்படி என்னதான் கோளாறு என்று விசாரித்தார்.

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லைங்க, உங்களுக்குக் கொடுத்த நட்டே அந்த வண்டியிலேருந்து அவரே கழட்டிட்டு வந்து கொடுத்ததுதான், இன்னும் எது வேணும்னாலும் கழட்டிக்கச் சொல்லிட்டாரு, மாமனார் மட்டும் அவரு வண்டிக்குத் திரும்பி வந்துடக் கூடாதாம்."