இருபத்திரண்டு கிலோபாஸ்கல்

ராமசுவாமி அன்று காலை ஒரு முடிவோடு எழுந்தார். இன்றைக்கு ஆவக்காய் சாப்பிட்டே தீருவது. தடுப்பவர் யாராக இருந்தாலும் சரி. மெட்டுகுடா வீட்டில் அவரைத் தடுப்பவர் ஒரே ஒருவர்தான், மனைவி அபயாம்பாள்.

நாச்சாரம் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பிரஷர் மீட்டர்களைச் சோதித்து முத்திரை குத்தியவர் அவர். அப்பேர்ப்பட்டவரின் பிரஷரை இப்போது அபயாம்பாள் சோதிக்கிறாள். தினமும் காலையில் மெஷினைக் கையில் கட்டி, வந்த எண்ணை நோட்டில் எழுதுவாள். நூற்று நாற்பதைத் தாண்டினால் ஊறுகாய் கிடையாது. மூன்று மாதமாகத் தாண்டிக்கொண்டே இருந்தது.

மெஷினின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் இருப்பதை அவர் நேற்றுதான் கண்டுபிடித்தார். அழுத்தினால் பாதரச மில்லிமீட்டர் போய் கிலோபாஸ்கல் வரும். அழுத்திவிட்டார். அழுத்தம் குறைய ஓர் அழுத்து போதும்.

"பாரு அபயா. இருபத்திரண்டு."

"நேத்து நூத்தி அறுபத்தஞ்சாச்சே."

"மனசு திடமா இருந்தா எல்லாம் இறங்கும். ஆவக்காயை எடு. இனிமே இந்த வீட்ல நான் சொல்றதுதான்."

அபயாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "ஓரத்துல கே-ன்னு போட்டிருக்கே. கிலோவா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"கிலோன்னா ஆயிரமாச்சே. அப்போ இருபத்திரண்டாயிரம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் பக்கம் போய்விட்டாள். "ரஹீம் பாய், காரை எடுங்க. இவருக்கு பிரஷர் இருபத்திரண்டாயிரம்."

பக்கத்து வீட்டு அப்துல் ரஹீம் அதே தொழிற்சாலையில் ராமசுவாமிக்குக் கீழே வேலை பார்த்தவர். செருப்பில்லாமல் வந்து நின்றார்.

"இருபத்திரண்டாயிரமா? நம்ம பாய்லரே அவ்ளோ போனதில்லையே சார். மீட்டரைப் படிச்சது யாரு, நீங்களா?"

"கார் நக்கோ, வேண்டாம் ரஹீம்" என்றார் ராமசுவாமி. ஆவக்காய்க்காக எதையும் தாங்கியிருப்பார். மீட்டர் படிக்கத் தெரியாதவன் என்ற பெயரைத் தாங்க முடியவில்லை.

"பாஸ்கல் வேற, பாதரசம் வேறய்யா. ஆயிரமெல்லாம் இல்ல. கிலோபாஸ்கலை ஏழரையால பெருக்கணும். இருபத்திரண்டை ஏழரையால பெருக்கினா நூத்தி அறுபத்தஞ்சு. எவன் வேணா சரிபார்த்துக்கட்டும்."

மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

அபயாம்பாள் நோட்டில் நூற்று அறுபத்தைந்து என்று எழுதினாள். "ரெண்டு பேரும் உட்காருங்க. உப்பில்லாத உப்புமா ரெடி."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் ராமசுவாமி மெல்ல.

"முப்பத்தாறு வருஷமா உங்களோட குடித்தனம் பண்றேன். ஏழரை எனக்குத் தெரியாதா?"