மூலையில் நின்ற ஜனநாயகம்

அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நாட்டுக்கே முந்தி நாங்கள்தான் ஓட்டுப் போடவேண்டும் என்று எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சட்டமே உண்டு. இந்தப் பெருமையை மாணவர் உள்ளத்தில் பதிய வைக்கும் பொருட்டு, கல்வி அலுவலகம் ஓர் ஆணை பிறப்பித்தது: மாணவர் தலைவரை வகுப்பு வகுப்பாக, வெவ்வேறு நாளில் தேர்ந்தெடுக்க வேண்டியது.

முதல் நாள் ஹார்ட்வெல் டீச்சர் வகுப்புக்கு. கடைசி நாள் என் வகுப்புக்கு. வேட்பாளர்கள் டெஸ்மண்டும் ஃபீபியும் ஹார்ட்வெல் வகுப்பிலேயே பழியாய்க் கிடந்தார்கள். அங்கே தினமும் பான்கேக், மேப்பிள் பாகு. எங்கள் பக்கம் ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. எங்களுக்கோ ஒரே கோரிக்கை. வகுப்பு ஹீட்டர் போன குளிர்காலமே உயிரை விட்டுவிட்டது. மாணவர் தலைவர் கேட்டால்தான் அலுவலகம் ஆள் அனுப்புமாம். பிள்ளைகள் கையுறையோடு கணக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

"நாம முந்திக்கலாம் மிஸ்," என்றாள் நடீன். பதினொரு வயசுக்கு அந்த வாய் அதிகம்தான்.

அவளையும் கூட்டிக்கொண்டு கல்வி அலுவலகக் கண்காணிப்பாளர் கிராஸ்பியிடம் போனேன்.

"முடியாதும்மா. ஹார்ட்வெல் வகுப்புக்கு முன்னாடி யாரும் தேர்தல் நடத்தக் கூடாதுன்னு விதி இருக்கு."

"நாங்க தேர்தலே நடத்தலை சார்," என்றாள் நடீன். "ஐயோவா மாநிலத்துல எங்க மாமா ஊர்ல பண்ற மாதிரி, அவங்கவங்க ஆள் பக்கம் மூலையில போய் நிக்கப் போறோம்."

"ஓட்டுச் சீட்டு?"

"கிடையாது. தலையை எண்ணிக்குவோம்."

"அப்போ அது தேர்தலே இல்லை!" கிராஸ்பி முகம் மலர்ந்தது. "நிக்கிறதுக்கு இந்த அலுவலகத்துல தடை ஏதுமில்லை. நாளைக்கே நில்லுங்க."

மறுநாள் வேட்பாளர்கள் இருவரும் பான்கேக் தட்டோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். வகுப்பு இரண்டு மூலையாகப் பிரிந்தது. நடுவில் முழித்துக்கொண்டு நின்றவர்களை இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"இங்க வாடா, பாகு அதிகமா ஊத்துறோம்!"

எனக்கும் ஒரு தட்டு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அருமை.

டெஸ்மண்ட் பேச வாயைத் திறந்ததும் ஆவி பறந்தது. "அடேங்கப்பா, என்னா குளிரு! நான் ஜெயிச்சா முதல் வேலை இந்த ஹீட்டர்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடீன்தான் பாய்ந்தாள்.

"லூசாடா நீ? ஹீட்டர் வந்துட்டா எங்களுக்குக் குறை ஏது? அடுத்த வருஷம் எதைச் சொல்லி ஓட்டுக் கேட்டு வருவீங்க? பான்கேக்கும் போச்சு!"

வகுப்பு யோசித்தது. நியாயமாகத்தான் பட்டது.

ஃபீபி கெட்டிக்காரி. "நான் ஜெயிச்சா அந்த ஹீட்டரைத் தொடவே மாட்டேன். சத்தியம்!"

மறு நிமிஷம் டெஸ்மண்ட் மூலையில் டெஸ்மண்ட் மட்டும் நின்றான்.

"பாடம் பிரமாதமா புரிஞ்சிருக்கு," என்று என் கையைக் குலுக்கினார், வேடிக்கை பார்க்க வந்திருந்த கிராஸ்பி. நானும் பெருமையோடு தலையாட்டினேன். அடுத்தது கணக்குப் பாடம். யாருக்கும் விரல் மடங்கவில்லை. வயிறு மட்டும் நிறைந்திருந்தது.