நடைக்கு ஒரு வாக்கு

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய சிவநேசன் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகள் லோகேஸ்வரி எழுதுவது. கடிதம் என்றால் எடுத்த எடுப்பில் காரியத்துக்குப் போகக் கூடாது, முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று தமிழாசிரியர் சொல்லியிருக்கிறார். ஆகவே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தையின் புதிய மிக்சி நன்றாக அரைக்கிறதா? பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்த இடம் கிடைக்கிறதா? இங்கே அப்பாவும் அம்மாவும் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேற்றிலிருந்து இடுப்புக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்பதால், இஸ்திரிப் பலகையின்மேல் தாளை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். கையெழுத்து சாய்ந்திருந்தால் அது பலகையின் குற்றம். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் போன முறை நான் நான்கு பத்தியில் அனுப்பிய வாதத்துக்கு நீங்கள் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிட்டீர்கள். காகிதத்துக்குக் கட்டைவிரல் போட முடியாது என்ற நம்பிக்கையில் தபால் வழியாக வருகிறேன்.

இனி விஷயம். இந்த ஆண்டின் தேசிய விளையாட்டு ஆளுமை விருதை முடிவு செய்யும் பத்திரிகையாளர் குழுவில் உங்களுக்கு ஒரு வாக்கு இருக்கிறது. இறுதியில் நிற்பவர்கள் இருவர். ஒருவர் பூப்பந்து வீரர். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எதிரணிக்கு நான் ஏன் விளம்பரம் கொடுக்க வேண்டும்? இன்னொருவர் நம் பக்கத்து ஊர் மேருவைச் சேர்ந்த வேகநடை வீராங்கனை தனலெட்சுமி. போன மாதம் உங்கள் பிறந்தநாளுக்கு எல்லோரும் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோமே, அங்கே நீங்களும் அப்பாவும் நண்டை உடைத்துக்கொண்டே பூப்பந்து வீரருக்கு விருதைக் கொடுத்து முடித்துவிட்டீர்கள். நான் இடையில் புகுந்து தனலெட்சுமி அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். இரண்டு வார்த்தை என்பது என் கணக்கு. ரசம் ஆறிப் போகும்வரை பேசினாய் என்பது அம்மாவின் கணக்கு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீங்கள் சொன்னது இதுதான்: “நடக்கிறதுக்கெல்லாம் விருதாமா? அப்படின்னா தினம் பாசாருக்கு நடந்து போயிட்டு வர்ற உங்கம்மாவுக்குத்தான் மொதல்ல கொடுக்கணும்லா.” சோறு போட வந்த தங்கராஜ் அண்ணன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கும் ஒண்ணு எழுதிக்குங்க சார், காலையிலேருந்து இந்தக் கடைக்குள்ளயே நான் நடக்கிற நடை இருக்கே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார், ஆனால் அது தேசிய விருதுக்குத் தன் பெயர் முன்மொழியப்பட்ட மகிழ்ச்சியில்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் அந்தப் பந்தயத்தைக் கட்டினீர்கள். “பேசுறத விட்டுட்டு நடந்து காட்டு. உங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ்ல இந்த நடைப் போட்டி இருக்குல்ல? ரூல் தப்பாம முழுசா முடிச்சிட்டு வா. என் ஓட்டு அந்தப் பொண்ணுக்குத்தான், போதுமா?” நான் முடிக்காவிட்டால் இந்த விருதைப் பற்றி இனி உங்களிடம் வாய் திறப்பதில்லை என்று நான் சொன்னேன். நீங்கள் நண்டுக் கையை நீட்டினீர்கள், நானும் குலுக்கினேன். அப்பா சாட்சி. வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை. ஆகவே அந்த ஒப்பந்தம் நடக்கவே இல்லை என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது.

மாமா, நான் எப்படிப்பட்ட விளையாட்டாளர் என்பது உங்களுக்குத் தெரியாது. பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் மெரந்தாஸ் டேசா என்று ஒரு நெடுந்தூர ஓட்டம் உண்டு, யாரும் தப்ப முடியாது. கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் முதலுதவி வண்டி ஊர்ந்து வரும். முதலாம் படிவ வகுப்பிலிருந்து அந்த வண்டிக்கு முன்னால் வருவது நான்தான். அதை ஓட்டும் அங்கிள் ஜன்னலை இறக்கி என் தேர்வு முடிவுகளை விசாரிக்கும் அளவுக்கு நாங்கள் பழகிவிட்டோம். வலைப்பந்தில் எனக்குக் கொடுக்கும் இடம் புள்ளி எழுதும் இடம். ஆனால் நடைதானே, பிறந்த ஓராண்டிலிருந்து பயிற்சி எடுத்த துறையாயிற்றே என்று நினைத்துவிட்டேன். நூலகத்தில் உட்கார்ந்து விதிமுறைகளை முழுவதும் படித்தேன். எப்போதும் ஒரு கால் தரையில் பட்டிருக்க வேண்டும். முன்னால் வைக்கும் கால் முட்டி மடங்காமல் நேராக இருக்க வேண்டும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் அது நடை அல்ல, ஓட்டம். கைப்பிடி வைத்த வட்டத் தட்டு ஒன்றை நடுவர் வைத்திருப்பார், அது மஞ்சளாக இருந்தால் எச்சரிக்கை, சிவப்பாக இருந்தால் வெளியே. இதையெல்லாம் மூன்று நிறப் பேனாவால் குறிப்பெடுத்தேன். நடப்பதற்குக் குறிப்பெடுத்த முதல் ஆள் நீதான் என்று அப்பா சொன்னார். உடற்கல்வி ஆசிரியை சிக்கு ஹஸ்னாவிடம் பெயர் கொடுக்கப் போனபோது, புள்ளி எழுதத்தானே வந்தாய் என்று மலாயில் இரண்டு முறை கேட்டார். என் அணியான மஞ்சள் இல்லத்துக்காக நடக்க வந்தேன் என்றதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

என் தோழி சுமையாவை உங்களுக்கு நினைவிருக்கும், எங்கள் பள்ளியின் நெடுந்தூர ஓட்டக்காரி. அவள் கேட்டதும் ஒரே வரியில் முடித்துவிட்டாள். “உனக்கு எதுக்குடி இது? கால் உன் சப்ஜெக்ட் இல்ல.” ஆனாலும் தினமும் பள்ளி விட்டதும் திடலில் நின்று என் பாதங்களைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பிழை சொன்னாள். அவள் சிவப்பு இல்லம். விளையாட்டு நாளன்று உனக்குக் கைதட்ட மாட்டேன், இல்லத் தலைவி கொன்றுவிடுவாள் என்று முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லிவிட்டாள்.

மாலையில் எங்கள் தாமானின் வீட்டு வரிசைகளைச் சுற்றி நடந்தேன். இந்த நடையில் இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் போகும், முகம் மட்டும் எதுவும் நடக்காததுபோல் நேராக இருக்க வேண்டும். மூன்றாம் வீட்டு இராஜம்மா ஆன்டி வாசலில் நின்று முதல் சுற்றைப் பார்த்தார், இரண்டாம் சுற்றைப் பார்த்தார், மூன்றாம் சுற்றுக்கு நான் வருவதற்குள் எங்கள் வீட்டுக்குள் போய், பிள்ளைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது போலிருக்கிறது, காப்பாரில் நன்றாக உருவி விடுகிற அம்மா ஒருவர் இருக்கிறார் என்று அம்மாவிடம் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் அப்பாவோடு லோரி ஓட்டும் அய்யாவு அங்கிள் என் பக்கத்தில் லோரியை நிறுத்தி, மிகுந்த கவலையோடு, “பாத்ரூம் போகணுமாம்மா? ஏறு, வீட்டுல விட்டுர்றேன்” என்றார். நான் அவருக்கு விதிமுறைகளை எல்லாம் விளக்கினேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, பொறுமையாக முழுவதும் கேட்டுவிட்டு, “சரிம்மா, ரொம்ப அவசரம்னா சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு அம்மா என்னைப் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குத் தவ்ஃபூ சோயாக்கட்டியும் முட்டையும் வாங்க அனுப்பினார். பயிற்சி நேரம் வீணாகக் கூடாதே என்று நான் திரும்பி வந்ததும் அதே நடையில்தான். தவ்ஃபூ தயிராக வந்து சேர்ந்தது. முட்டைகளைப் பற்றி எழுத வேண்டாம் என்று அம்மா சொல்கிறார்.

சிரியுங்கள், மாமா. ஆனால் ஒன்றைச் சிரிக்காமல் படியுங்கள். மேரு சாலையோரம் தனலெட்சுமி அக்கா பயிற்சி செய்வதை நான் அப்பாவின் லோரியிலிருந்து பார்த்தேன். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் இடுப்பை ஆட்டிக் காட்டி, விசிலடித்து, கூடவே வந்துகொண்டிருந்தார்கள். அவர் திரும்பவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பூப்பந்து வீரர் மட்டையைத் தூக்கினால் நாடே எழுந்து நிற்கிறது. இவர் நாட்டுக்காக அடியெடுத்து வைத்தால் நாடு சிரிக்கிறது, அந்தச் சிரிப்புக்கு நடுவே அவர் பதக்கம் வாங்கி வருகிறார். போன ஆண்டு ஒரு போட்டியில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவரைச் சிவப்புத் தட்டைக் காட்டி வெளியேற்றினார்கள். அவர் கையை விரிக்கவில்லை, வாதாடவில்லை. நடுவரை நோக்கித் தலை வணங்கிவிட்டுத் தடத்தை விட்டு இறங்கினார். இந்த ஆண்டு அதே போட்டியில் தங்கம். அந்தக் காணொளியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எழுதினால் அம்மா கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் போட்டியில் மூன்று பேர்தான். பச்சை இல்லத்துப் பெண்ணும் நீல இல்லத்துப் பெண்ணும் முதல் சுற்றிலேயே முன்னால் போய்விட்டார்கள். நான் கவலைப்படவில்லை, ஏனென்றால் பந்தயம் முடிப்பதைப் பற்றித்தான், முந்துவதைப் பற்றி அல்ல. அவர்கள் முடித்து, தண்ணீர் குடித்து, பதக்க மேடைக்கே போய்விட்டார்கள். திடலில் நான் மட்டும். ஒலிபெருக்கியில் அடுத்த போட்டிக்கு ஆள் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கடைசி வளைவில் திரும்பி முடிவுக் கோட்டைப் பார்த்ததும் என் உடம்பெல்லாம் ஒரே வேகம். அந்த இடத்தில்தான் என் இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையை விட்டிருக்க வேண்டும். நடுவராக சிக்கு ஹஸ்னா நின்ற பக்கம், தலைகளுக்கு மேலே, வட்டமான ஒரு சிவப்புத் தட்டு எழுந்தது.

மாமா, நான் வாதாடவில்லை. நின்றேன். அந்தத் தட்டை நோக்கித் தலை வணங்கினேன். தடத்தை விட்டு இறங்கிக் கூடாரத்துக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பலர் என்னவோ கத்தினார்கள், நான் திரும்பவில்லை. அப்பா ஓடி வந்து, “என்னாச்சு?” என்றார். ஓடிவிட்டேன், அதனால் வெளியேற்றிவிட்டார்கள் என்றேன். அப்பா குனிந்து என் காலணிகளைப் பார்த்தார். பிறகு, “ஓடுனியா? நீயா?” என்று கேட்டார். மாலைக்குள் லோரி நிறுத்துமிடம் முழுவதும் தன் மகளை ஓடியதற்காக வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, எனக்கு மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கி வந்தார். என் வாழ்க்கையில் விளையாட்டுக்காக வீட்டில் கிடைத்த முதல் பரிசு இது.

ஆகவே பந்தயத்தில் தோற்றேன். ஒப்புக்கொள்கிறேன். தபால்தலை ஒட்டியதும் என் மௌனம் தொடங்குகிறது, அதற்கு முன் இது மட்டும். ஓடுவதற்கு யாராலும் முடியும், என்னாலேயே முடிந்திருக்கிறது. கோடு கண்ணெதிரே இருக்கும்போது, உடம்பு முழுவதும் ஓடு ஓடு என்று சொல்லும்போது, ஓடாமல் இருப்பதுதான் கடினம். அதைத் தனலெட்சுமி அக்கா இருபது கிலோமீட்டர் செய்கிறார். நான் கடைசி வளைவில் தவறிவிட்டேன். என் தோல்வியையே அவருக்கான சாட்சியமாக எடுத்துக்கொண்டு உங்கள் வாக்கை அவருக்குக் கொடுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முழங்காலை முருகன் காக்கட்டும், பத்துமலைக்கு அடுத்த முறை படியேறும்போது வலி தெரியாமல் இருக்கட்டும். எனக்கும் அப்படியே வேண்டிக்கொள்ளவும், இப்போது எனக்கு எங்கள் வீட்டுப் படியே மலையாக இருக்கிறது.

இங்ஙனம்,
மஞ்சள் இல்லத்து வேகநடையாளராக இருந்த உங்கள் மருமகள்,
வே. லோகேஸ்வரி

பின்குறிப்பு: கடிதத்தை உறைக்குள் போடும் நேரத்தில் சுமையா வந்தாள். நான் விட்டுவிட்டு வந்த தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்க வந்தவள், கேட்காமலேயே இஸ்திரிப் பலகையில் குனிந்து இதைப் படித்தாள். சிவப்புத் தட்டு வந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “அது நாந்தான்டி,” என்றாள். சிவப்பு இல்லத்தின் ஆரவாரக் குழு பாலிஸ்டைரின் தட்டுக்குச் சிவப்பு மை பூசி, குச்சி சொருகி, ஆளுக்கு ஒன்று வைத்திருந்ததாம். அவர்கள் இல்லத்தில் இந்தப் போட்டிக்கு ஆளே இல்லை. நான் தனியாக நடந்து வருவதைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல், தலைவி திட்டுவாள் என்று தெரிந்தும், எனக்காக அதைத் தூக்கி ஆட்டியிருக்கிறாள். நான் வணங்கியது சுமையாவை. நன்றி சொல்கிறேன் என்று நினைத்து அவளும் திரும்ப வணங்கினாளாம். நான் இறங்கிப் போனபோது கத்தியவர்கள் எல்லோரும் கத்தியது, நட, நட என்று. சிக்கு ஹஸ்னாவின் கையிலிருந்த தட்டு ஒருமுறையும் மேலே எழவில்லை. முடிவுப் பலகையில் என் பெயருக்கு நேரே, முடிக்கவில்லை என்று மட்டும்தான் இருக்கிறதாம். நான் ஓடவே இல்லை, மாமா. ஓடினேன் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆகவே மேலே எழுதிய சாட்சியம் எதுவும் செல்லாது. கேலி செய்தால் நின்றுபோகிறவர்கள் உண்டு, கைதட்டியதற்கு நின்றுபோன ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, தயவுசெய்து நீங்களும் சொல்ல வேண்டாம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றி விருதைப் பற்றி இனி நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் சுமையா உங்களோடு கை குலுக்கவில்லை என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். உங்கள் எண்ணைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே, இன்றிரவே கூப்பிடுவாளாம். அவள் நெடுந்தூர ஓட்டக்காரி, மாமா. சீக்கிரத்தில் களைக்க மாட்டாள்.